கன்னியாகுமரி மாவட்டத்தைத் தெருத்தெருவாகப் பார்க்க: நாகர்கோவிலில் தங்குங்கள், நேரம் பார்த்துப் போங்கள்

கேள்வி இதுதான்: "ஜனவரி கடைசி வாரத்தில் நான்கு நாள் குடும்பத்தோடு கன்னியாகுமரி வருகிறோம். முன்பு வந்தபோது பாறை, வள்ளுவர் சிலை, சூரிய உதயம் பார்த்ததோடு திரும்பிவிட்டோம். இந்த முறை ஊருக்குள் நடந்து தெருக்களையும் சந்தைகளையும் பார்க்க ஆசை. எங்கே தங்குவது? எந்தப் பகுதிக்கு எப்போது போவது? அம்மாவால் அதிக தூரம் நடக்க முடியாது."

முதலில் தங்குமிடம். ஒரு இரவு கன்னியாகுமரியில் தங்குங்கள், மற்ற இரவுகளை நாகர்கோவிலில் வைத்துக்கொள்ளுங்கள். முனையில் இருக்கும் ஊர் சிறியது. அங்கே தெருக்களில் பாதி வருகிறவர்களுக்காகவே நடக்கின்றன. சுமார் 20 கிலோமீட்டர் வடமேற்கே இருக்கும் நாகர்கோவில் அப்படியில்லை. 2019-இல்தான் அது மாநகராட்சி ஆனது. ஆனால் அதற்குள் இருக்கும் கோட்டாறு, வடசேரி, ஒழுகினசேரி, இடலாக்குடி எல்லாம் பழைய ஊர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வழிபாட்டிடம், தனித் தொழில், தனி முகம் உண்டு. அவை வளர்ந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டதுதான் இன்றைய நகரம். இங்கிருந்து கடலுக்கும் மலையடிவாரத்துக்கும் ஏறக்குறைய ஒரே தூரம். அரைமணி நேர பஸ் பயணத்தில் வயல், தென்னந்தோப்பு, மீனவர் ஊர் மூன்றையும் பார்த்துவிடலாம்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது நேரத்தைப் பற்றி. இந்த ஊரில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வேளை இருக்கிறது. அந்த வேளையில் போனால்தான் அது உயிரோடு இருக்கும். தோவாளைப் பூச்சந்தைக்குக் காலை பத்து மணிக்குப் போனால் ஈரத்தரையும் காலி சாக்கும்தான் கிடக்கும். கோயில்களுக்கு மதியம் போனால் நடை சாத்தியிருக்கும். கடற்கரை ஊருக்கு நண்பகலில் போனால் மணலும் வெயிலும் மட்டும்தான். இடங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு காரில் வரிசையாக ஓடுகிறவர்கள் பெரும்பாலும் தவறான வேளையில்தான் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்கிறார்கள். அதனால் நாளைக் காலை, மாலை என இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். மதியம் அறையில் தூங்குங்கள். அம்மாவுக்கும் அது நல்லது.

கோட்டாற்றிலிருந்து தொடங்குங்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் தாலமி எழுதிய நிலநூலில் வரும் கோட்டியாரா இந்த ஊர்தான் என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். வணிகம் இன்றும் நின்றுவிடவில்லை. கம்போளம் என்று உள்ளூரில் சொல்லும் மொத்தக் கடைத்தெருவுக்குக் காலை எட்டரை மணிக்கு மேல் போங்கள். லாரியிலிருந்து சுமடு இறக்குகிற நேரம் அது. நல்லமிளகு, வற்றல், புளி, கருப்பட்டி என்று ஒவ்வொரு கடை வாசலையும் தாண்டும்போது வாசனை மாறிக்கொண்டே வரும். தெரு குறுகல், சுமை தூக்குகிறவர்களுக்கு வழி விட்டு ஓரமாக நடக்க வேண்டும். கருப்பட்டி வாங்குவதாக இருந்தால் இங்கேயே வாங்குங்கள். முனையில் பயணிகளுக்கு விற்கிற பொட்டலத்தைவிட இங்கே தேர்ந்தெடுத்து வாங்க முடியும். கடைக்காரரே ஒரு துண்டு உடைத்துத் தருவார், வாயில் போட்டுப் பார்த்தபின் விலை பேசலாம்.

கம்போளத்திலிருந்து அதிக தூரமில்லாமல் தூய சவேரியார் பேராலயம். 16-ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையோரம் ஊர் ஊராக நடந்த பிரான்சிஸ் சவேரியாரின் பெயரில் இருப்பது. 1930-இல் கோட்டாறு மறைமாவட்டம் உருவானபோது இது பேராலயம் ஆனது. உள்ளே தேவசகாயம் பிள்ளையின் கல்லறை இருக்கிறது. 1712-இல் நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்து, கிறிஸ்தவரானவர். 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டார். துறவறம் பூணாத ஓர் இந்தியருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் முறை. சவேரியார் திருவிழா டிசம்பர் 3-இல் முடியும். அன்று மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. திருவிழா நாட்களில் தேர் பார்க்கவும் நேர்ச்சை செலுத்தவும் எல்லா மதத்தாரும் வருவார்கள். ஜனவரியில் நீங்கள் போகும்போது கூட்டம் இருக்காது, அம்மா நிழலில் உட்கார்ந்திருக்கலாம்.

கோட்டாற்றை ஒட்டியே இளங்கடையும் இடலாக்குடியும். பள்ளிவாசல்கள், நெருக்கமான ஓட்டு வீடுகள், மாலையானால் வாசலில் நாற்காலி போட்டுப் பேசும் பெரியவர்கள். இந்தப் பக்கத்துக்கு மாலை நான்கரைக்கு மேல் வருவதே நல்லது. செய்குத்தம்பிப் பாவலர் 1874-இல் பிறந்தது இடலாக்குடியில். ஒரே நேரத்தில் நூறு பேர் கேட்கிற நூறு விஷயங்களையும் மனத்தில் நிறுத்திப் பதில் சொல்லும் சதாவதானத்தை 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்து காட்டியவர். வள்ளலாரின் பாடல்களை அருட்பா என்று ஏற்கலாமா என்ற பெரிய வழக்கு நடந்த காலத்தில், ஒரு முஸ்லிம் புலவராக நின்று அருட்பாவுக்காக மேடை ஏறிப் பேசியவர். அவர் நினைவாக மணிமண்டபம் ஒன்று இங்கே இருக்கிறது. கோட்டாற்றில் ஞானியார் சாகிபு அப்பாவின் தர்காவும் உண்டு. அவரும் தமிழில் பாடிய ஞானி. இந்த மாவட்டத்தில் பேராலயமும் தர்காவும் கோயிலும் ஒரே நடையில் வருவதை வெளியூர்க்காரர்கள் ஆச்சரியமாகச் சொல்வார்கள். இங்கே பிறந்தவர்களுக்கு அது பள்ளிக்கூடத்துக்குப் போன வழி.

அப்புறம் வடசேரி. பெரிய பேருந்து நிலையம் இருப்பதால் இந்தப் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பஸ் ஏறி இறங்குவதற்கு மட்டுமே இங்கே வருகிறவர்கள் பார்க்காமல் விடுவது கனகமூலம் சந்தையை. காலையில் போங்கள். நீங்கள் வருகிற மாதம் கிழங்குக் காலம். சேனை, சேம்பு, காய்ச்சில், சிறுகிழங்கு, மரச்சீனி என்று மண் ஒட்டியபடியே குவித்திருப்பார்கள். சென்னையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதில் பாதி பெயர் புதிதாக இருக்கும். விற்கிற அம்மாவிடமே எதை எப்படி வேகவைப்பது என்று கேளுங்கள். "எங்கயிருந்து வாறீங்க மக்களே?" என்று தொடங்கி, தேங்காய் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பது வரை சொல்லித் தருவார். வயதில் சிறியவர் யாராக இருந்தாலும் இங்கே மக்களேதான்.

வாழைக்குலைகள் தொங்கும் கடை முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நில்லுங்கள். ஏத்தன், செந்துளுவன், ரசகதலி, பாளையங்கோட்டான், பேயன், மட்டி. மட்டி விரல் நீளத்தில் இருக்கும், கடைக்குள் நுழையும்போதே வாசனை தெரியும். குழந்தைக்கு முதலில் ஊட்டும் பழம் இங்கே அதுதான். 2023-இல் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதிக நாள் தாங்காது, அதனால் ஊருக்கு எடுத்துப்போவதை நினைக்காமல் இங்கேயே சாப்பிட்டுவிடுங்கள்.

வடசேரியின் இன்னொரு தொழில் கோயில் நகை. வெள்ளித் தகட்டில் வடிவம் அடித்து, அரக்கு வைத்து, சிவப்புக் கெம்புக் கற்களைப் பதித்து, தங்க ரேக்கு ஒட்டிச் செய்வது. முதலில் சாமிக்காகச் செய்தார்கள். இன்று பரதநாட்டியம் ஆடுகிறவர்கள் நெற்றிச்சுட்டி, ஜடைநாகம், ஒட்டியாணம் என்று வாங்கிப் போகிறார்கள். இதற்கும் புவிசார் குறியீடு உண்டு. வீட்டின் முன்கட்டிலேயே பட்டறை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். மகள் நடனம் கற்கிறாள் என்றால் கட்டாயம் இங்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கல் பதிக்கிறவர் கையை நேரில் பார்த்துவிட்டால் விலையில் அதிகம் பேரம் பேசத் தோன்றாது. பேசவும் வேண்டாம். ஒரு செட் முடிய எத்தனை நாள் உட்கார வேண்டும் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

நாகராஜா கோவில் நகரத்தின் நடுவில். ஊருக்குப் பெயர் கொடுத்ததே இதுதான். அதிகாலையிலோ மாலை விளக்கு வைக்கும் நேரத்திலோ போங்கள். மூலவர் இருக்கும் கருவறைக்கு இன்றும் ஓலைக்கூரைதான். ஆண்டுதோறும் ஆடியில் புதிதாக வேய்வார்கள். பிரசாதமாகத் தருவது மண். ஆடி முதல் மார்கழி வரை கருப்பாகவும் தை முதல் ஆனி வரை வெள்ளையாகவும் இருக்கும் என்பது ஊரின் நம்பிக்கை. நீங்கள் வருவது தையில். உள்ளே தூண்களை அவசரப்படாமல் பாருங்கள், பார்சுவநாதர், மகாவீரர் உருவங்கள் இருக்கின்றன. 16-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் குணவீர பண்டிதன், கமலவாகன பண்டிதன் என்று சமணர் பெயர்கள் வருகின்றன. சமணப் பள்ளி ஒன்று மெல்ல மெல்ல நாகர் கோயிலானது என்பதை அந்தத் தூண்களே சொல்கின்றன. ஆவணி ஞாயிறுகளில் அரசமரத்தடி நாகர் சிலைகளுக்குப் பாலும் மஞ்சளும் ஊற்றப் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். தையில் பத்து நாள் திருவிழா, ஒன்பதாம் நாள் அனந்தகிருஷ்ணனுக்குத் தேர். உங்கள் நாட்களோடு தேர் ஒத்துவந்தால் மற்ற எதையும் விட்டுவிட்டு ரதவீதியில் நில்லுங்கள். இங்குள்ள பெரிய கோயில்கள் சிலவற்றில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். வேட்டி, துண்டு எடுத்து வந்தால் வசதி.

மாலை நடைக்கு மணிமேடையிலிருந்து தொடங்குங்கள். ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவின் வருகை நினைவாக 1893-இல் எழுப்பிய மணிக்கூண்டு அது. அங்கிருந்து வேப்பமூடு, ஹோம் சர்ச், ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி வரை உள்ள பகுதி நகரத்தின் மிஷனரி காலத்து முகம். ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியப் போதகர் 1809-இல் மயிலாடியில் தொடங்கிய பள்ளிதான் பின்னால் நாகர்கோவிலுக்கு வந்து, 1893-இல் கல்லூரியாக வளர்ந்தது. மிஷனரி சார்லஸ் மீட் காலத்தில் 1819-இல் கட்டத் தொடங்கிய ஹோம் சர்ச் பெரிய கற்கட்டடம். வெளியிலிருந்து பார்த்தாலே அது எவ்வளவு பேரை மனத்தில் வைத்துக் கட்டியது என்று தெரியும்.

இந்தப் பகுதியில் நடக்கும்போது ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். 1820-களில் மிஷனரி குடும்பத்தைச் சேர்ந்த மார்த்தா மால்ட் இங்கே பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை, அதாவது லேஸ், பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தக் காலத்தில் திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. ரேந்தை விற்ற காசில் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கிய பெண்கள் உண்டு. மார்பை மறைத்து மேல்சீலை அணியும் உரிமைக்காக இங்குள்ள பெண்கள் அடிபட்டு, துணி கிழிக்கப்பட்டு, விடாமல் நின்று, 1859-இல் அரசாணையாகப் பெற்றார்கள். கல்வி, துணி, கூலி மூன்றும் சேர்ந்து ஒரு சமூகத்தையே நிமிர்த்திய தெருக்கள் இவை. இன்றும் இங்கே எம்ப்ராய்டரி, ரேந்தை வேலை செய்கிற பெண்கள் இருக்கிறார்கள். மேசைவிரிப்பு, கைக்குட்டை ஏதாவது வாங்கினால் மனநிறைவாக இருக்கும்.

நடை முடிந்ததும் பசிக்கும். நாகர்கோவில் ரசவடை என்று கேட்டு வாங்குங்கள். பருப்பு வடையைச் சூடான ரசத்தில் ஊறவிட்டுக் கிண்ணத்தில் தருவார்கள். வடை உடையாமல், அதே சமயம் உள்ளே வரை ரசம் இறங்கியிருக்க வேண்டும். மாலை நேரத்துச் சின்னக் கடைகளில்தான் அது சரியாக அமையும் என்பது என் அபிப்பிராயம். ஏத்தம்பழ பஜ்ஜி எல்லாத் தெருவிலும் கிடைக்கும். மதியச் சாப்பாட்டுக்கு சம்பா அரிசிச் சோறும், தேங்காய் அரைத்த மீன்கறியும், மீன் அவியலும். அவியல் என்றதும் காய்கறியை நினைக்க வேண்டாம். தேங்காய், மிளகாய், மாங்காய் எல்லாம் அரைத்தும் அரிந்தும் போட்டு மீனைக் கெட்டியாக வேகவைப்பது இது, குமரி வீடுகளில் மட்டுமே அந்தச் சுவை வரும். சைவமாக இருந்தால் உள்ளித் தீயலும் துவரனும் இருக்கிற கடையாகப் பாருங்கள். ஊருக்கு எடுத்துப்போக முந்திரிக்கொத்து, ஏத்தங்காய் சிப்ஸ். தேங்காயெண்ணெயில் பொரித்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

ஒரு நாள் மட்டும் விடியற்காலையில் எழுந்து தோவாளைக்குப் போய்விடுங்கள். திருநெல்வேலி சாலையில், மலையடிவாரத்தில் இருக்கிறது. இருட்டு விலகுவதற்கு முன்பே பிச்சி, மல்லி, சம்பங்கி, அரளி, கேந்தி, வாடாமல்லி எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கிவிடும். விலை மணிக்கு மணி மாறும். முகூர்த்த நாளுக்கு முந்தைய நாட்களில் பிச்சியின் விலையைக் கேட்டால் நம்ப முடியாது. ஓணத்துக்கு முன்னால் கேரள வியாபாரிகள் வந்து குவிந்து, இரவெல்லாம் சந்தை நடக்கும். பூ வெறும் வியாபாரம் மட்டுமில்லை, மாலை கட்டுவது அங்கே குடும்பக் கலை. மாணிக்கமாலை கட்டுகிறவரைப் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். சிவப்பு, வெள்ளைப் பூக்களையும் பச்சை இலையையும் மடித்து மடித்துப் பாய் போலத் தட்டையாகக் கட்டுவார்கள். திரும்பும் வழியில் வயல்களுக்கு மேலே மலை முழுவதும் தெரியும். நாஞ்சில்நாடு என்று சொல்கிற நெல்வயல் பகுதி இதுதான். வயலுக்கு நடுவே எழும் புது மனைப்பிரிவுக் கற்களும் கண்ணில் படும். குளமும் வயலும் சுருங்குவது இங்கே எல்லோருக்கும் வலிக்கிற விஷயம். இருக்கிறவரை பார்த்துவிடுங்கள்.

சுசீந்திரத்துக்கு மாலையில். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் வழியில் சுமார் 6 கிலோமீட்டர், பழையாற்றின் கரை. தாணுமாலயன் கோயிலின் 134 அடிக் கோபுரம், இசைத்தூண்கள், 18 அடி அனுமன் பற்றியெல்லாம் வழிகாட்டிகள் சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல விரும்புவது வெளியே இருக்கிற ரதவீதிகளைப் பற்றி. இன்று நீங்கள் செருப்போடு சுற்றி வருகிற இதே தெருக்களில் ஒரு காலத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்க முடியாது. அந்த உரிமைக்காக 1926-இல் இங்கே சத்தியாகிரகம் நடந்தது. 1936-இல் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தபின்தான் கோயிலும் எல்லோருக்கும் திறந்தது. தெப்பக்குளக்கரையில் அம்மாவை உட்காரவைத்துவிட்டு, நான்கு தெருவையும் ஒரு சுற்று நடந்து வாருங்கள். தேரூர்க் குளம் பக்கத்தில்தான். குளிர்காலப் பறவைகள் ஜனவரியில் இருக்கும். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1876-இல் பிறந்த ஊரும் அதுவே.

கடற்கரைக்கு வருவோம். சொத்தவிளை, சங்குத்துறை, முட்டம் என்று கடற்கரைகள் பல. ஆனால் பகுதிகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் மீனவர் ஊர் ஒன்றுக்குள் போக வேண்டும். மணக்குடி, முட்டம், குளச்சல் மூன்றில் ஒன்று போதும். காலையில் வள்ளங்கள் கரைக்கு வந்ததும் மணலிலேயே ஏலம் நடக்கும். ஏலம் சொல்கிறவரின் வேகம் பழகாத காதுக்கு எட்டாது. ஏலமெடுத்த அக்காமார் அலுமினியச் சட்டியில் சாளை, அயிலை, நெத்திலியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார்கள். அதிகம் ஒதுங்கி நின்று பாருங்கள், ஒருவர் முகத்துக்கு நேராகப் படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். பெரும்பாலான ஊர்களில் அன்று தொழிலுக்குப் போவதில்லை, ஊரே ஆலயத்தில் இருக்கும்.

மணக்குடியில் பழையாறு கடலில் சேர்கிறது. பொழிமுகத்தில் அலையாத்திச் செடிகள் வளர்ந்திருக்கின்றன. 2004 சுனாமியில் மேலமணக்குடி, கீழமணக்குடி இரண்டையும் இணைத்த பாலம் பிய்த்து எறியப்பட்டது. குளச்சலிலும் இழப்பு மிகப் பெரியது. நினைவிடங்களைத் தாண்டும்போது பிள்ளைகளிடம் அதைச் சொல்லுங்கள். கரை நெடுகக் கடலுக்குள் நீட்டியிருக்கும் கல்வரிசைகள் தூண்டில் வளைவுகள், அலை கரையைத் தின்னாமல் இருக்கப் போட்டவை. குளச்சலில் 1741-இல் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக்காரர்களை வென்றதற்கு நினைவுத்தூண் இருக்கிறது. அங்கே பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பின்னால் அதே அரசருக்குப் படைத்தலைவரானார். அவர் கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் உள்ளது.

உதயகிரிக்குப் போகிற அதே அரை நாளில் தக்கலையையும் பத்மநாபபுரத்தையும் சேர்த்துவிடுங்கள். அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரள அரசின் தொல்லியல் துறை பராமரிக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை, இதைக் கவனிக்காமல் வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் அதிகம். உள்ளே படிகள் குறுகல், செங்குத்து. அம்மாவுக்கு மாடிகள் வேண்டாம், கீழ்த்தளமே போதும். அரண்மனையோடு நிறுத்தாமல் கோட்டைச் சுவருக்குள் இருக்கிற தெருக்களிலும் நடங்கள். அங்கே இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். நவராத்திரிக்கு இங்கிருந்து சரஸ்வதியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும், வேளிமலை முருகனும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் போய்த் திரும்புவார்கள். தக்கலையில் பீர்முகம்மது அப்பா தர்கா இருக்கிறது. ரஜப் மாதத்தில் ஓர் இரவு முழுவதும் அவருடைய தமிழ்ப் பாடல்களைக் கூடி உட்கார்ந்து பாடுவார்கள்.

கன்னியாகுமரியில் தங்குகிற அந்த ஒரு இரவைப் பற்றி. 2024 டிசம்பர் இறுதியில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் இடையே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். முன்பு நீர்மட்டம் தாழ்ந்தால் சிலைக்குப் படகு போகாது, இப்போது பாறையிலிருந்தே நடந்துவிடலாம். படகுக்கு முதல் நடைக்கே வரிசையில் நில்லுங்கள். ஜனவரியில் வருவதால் ஒரு நன்மை உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை சூரியன் தென்மேற்கே சாய்வதால் கடலுக்குள் மறைவதைப் பார்க்கலாம். கோடையில் அது கரைப்பக்கம் ஒதுங்கிவிடும். ஐயப்ப பக்தர்களின் நெரிசலும் அதற்குள் குறைந்திருக்கும். கூட்டத்திலிருந்து விலகி அலங்கார உபகார மாதா ஆலயத்தைச் சுற்றியுள்ள மீனவர் தெருக்களில் நடங்கள். ரயில் நிலையம் பக்கம் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள குகநாதசுவாமி கோயில் இருக்கிறது, அங்கே பெரும்பாலும் ஊர்க்காரர்கள் மட்டுமே இருப்பார்கள். திரும்பும்போது சாமித்தோப்பில் இறங்குங்கள். 19-ஆம் நூற்றாண்டில் சாதிக் கொடுமையை எதிர்த்த அய்யா வைகுண்டரின் பதிக்குள், அதாவது வழிபாட்டிடத்துக்குள், ஆண்கள் மேல்சட்டை இல்லாமல் தலைப்பாகை கட்டித்தான் போவார்கள். தலையில் துணி கட்ட உரிமையில்லாமல் இருந்த மக்களுக்கு அந்தத் தலைப்பாகையைக் கொடுத்தவர் அவர்.

போக்குவரத்து சுலபம். வெளியூர் பஸ்கள் பெரும்பாலும் வடசேரியிலிருந்து, மாவட்டத்துக்குள் ஓடுகிற டவுன் பஸ்கள் மீனாட்சிபுரம் அண்ணா பேருந்து நிலையத்திலிருந்து. ஏறுவதற்கு முன் நடத்துநரிடம் ஊர்ப்பெயரைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள், ஒரே ஊருக்கு இரண்டு மூன்று வழி உண்டு. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அம்மா வரும் நாட்களில் கோட்டாற்றுக்கும் வடசேரிக்கும் ஆட்டோ வையுங்கள், நகருக்குள் கார் நிறுத்த இடம் தேடியே பாதி நேரம் போய்விடும்.

கடைசியாக, கடலில் இறங்குவது பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். இந்தக் கரையில் அலை அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுக்கும். 2024 மே மாதம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனார்கள். அது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாள். எங்கோ தொலைவில் எழுந்த அலை இங்கே காற்றே இல்லாதபோது வந்து கரையை ஏறி அடிப்பதை மீனவர்கள் அப்படிச் சொல்வார்கள். கோடையில் அது அதிகம், ஜனவரியில் குறைவு. ஆனாலும் பிள்ளைகளை முழங்கால் அளவுக்கு மேல் விடாதீர்கள். முட்டம் பாறைகளில் ஈரமான பகுதிக்குப் போகவே வேண்டாம். கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் யாரிடமாவது "அண்ணே, இன்னைக்குக் கடல் எப்படி?" என்று கேளுங்கள், அவர் இறங்காதே என்றால் இறங்காதீர்கள்.